ஒடுங்கிய பிளாக்லெட்டர்: படிப்பதற்கா, பார்ப்பதற்கா?

கேள்வி, பிப்ரவரி 3, மாலை

இசை நிகழ்ச்சி ஒன்றின் போஸ்டருக்கு ‘இல்லுமினேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒடுங்கிய பிளாக்லெட்டர் எழுத்துருவில் (இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்திலிருந்து வந்த, தடித்த செங்குத்துக் கோடுகள் கொண்ட எழுத்து) வைத்தேன். பன்னிரண்டு எழுத்து. தாளின் அகலத்துக்குள் அடங்கவில்லை என்று கிடைவாக்கில் 80 சதவீதத்துக்கு அமுக்கினேன். காட்டிய ஐந்து பேரில் ஒருவரால்கூடப் படிக்க முடியவில்லை. இந்த எழுத்தே அலங்காரத்துக்குத்தான், படிப்பதற்கு இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு நிற்கிற எழுத்துக்கு ஒடுங்கிய வடிவம் என்று தனியாக எதற்கு என்பதும் புரியவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

இருக்கிறது. நீங்கள் பார்த்தது ஒடுங்கிய பிளாக்லெட்டர் இல்லை, நசுங்கிய பிளாக்லெட்டர். இரண்டும் வேறு.

இந்த எழுத்தின் உயிர் செங்குத்துக் குச்சிகளில் இருக்கிறது. பட்டை நிப்பைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் வருகிற தடித்த கோடு அது. அதன் தலையிலும் காலிலும் நிப் திரும்புகிற இடத்தில் ஒரு சாய்சதுரம் உட்காரும். பிளாக்லெட்டரின் நெருக்கமான வகைக்கு டெக்ஸ்டூரா என்று பெயர். நல்ல டெக்ஸ்டூராவில் குச்சியின் தடிமன் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே இரண்டு குச்சிகளுக்கு நடுவிலுள்ள வெள்ளையும் இருக்கும். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஒரே தாளத்தில் ஓடும்.

கணினியில் அமுக்கும்போது குச்சி மெலிகிறது, ஆனால் கிடைக்கோடுகளின் தடிமன் அப்படியே நிற்கிறது. சாய்சதுரம் நிமிர்ந்து ஊசி மாதிரி ஆகிவிடுகிறது. எந்தப் பேனாவாலும் எழுத முடியாத ஒரு வடிவம் வந்து நிற்கிறது. கண் அதைச் சொல்லத் தெரியாமலே உணர்ந்துவிடும். எழுத்துருவை வரைகிறவர் ஒடுக்கும்போது இப்படிச் செய்வதில்லை. குச்சியை முடிந்தவரை காப்பாற்றி வெள்ளையைக் குறைப்பார். கால்கள் ஒன்றையொன்று இடிக்காதபடி சாய்சதுரத்தைச் சின்னதாக்குவார். மேலே நீளும் கோடுகளை எங்கே நிறுத்துவது என்று புதிதாக முடிவெடுப்பார். அது ஒரு முழு மறுவரைவு.

முதலில் அந்த 80 சதவீதத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 4, காலை

இரண்டாவது கேள்விக்கு நேற்று பதில் சொல்லவில்லை. ஒடுக்கம் இந்த எழுத்துக்கு வெளியிலிருந்து வந்த குணம் இல்லை. டெக்ஸ்டூரா என்ற பெயருக்கே நெசவு என்றுதான் பொருள். பக்கம் முழுவதும் ஒரே அடர்த்தியில் நெய்த துணி போலத் தெரிய வேண்டும் என்பதுதான் எழுதியவர்களின் இலக்கு.

மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் 1455 வாக்கில் முடித்த 42 வரி பைபிளின் எழுத்தும் டெக்ஸ்டூராதான். லத்தீன் மொழிக்குத் தேவையான எழுத்துகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவர் வார்த்தது சுமார் 290 அச்சுகள். ஒரே எழுத்துக்கே கொஞ்சம் அகலமானது, கொஞ்சம் ஒடுங்கியது என்று வகைகள், இரண்டு எழுத்தை ஒட்டிய கூட்டெழுத்துகள், சொற்சுருக்கக் குறிகள். வரியின் வலது விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல நிற்க வேண்டும் என்பதற்காக இத்தனையும். சொற்களுக்கு நடுவே இடைவெளியை இழுத்து நிரப்புவதற்குப் பதிலாக எழுத்தையே மாற்றி வைத்தார். ஒடுங்கிய வடிவம் எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா? அச்சுப் புத்தகத்தின் முதல் தலைமுறையிலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது.

தோல்தாள் விலை அதிகம், அதனால்தான் எழுத்தை நெருக்கினார்கள்.

பிப்ரவரி 4, மதியம்

காலையில் எழுதியதன் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிவிட்டேன், ஆனால் அது பாதிதான் நிற்கும். தோல்தாளை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் அந்தப் பெரிய பைபிள்களில் அவ்வளவு தாராளமான ஓரங்களை விட்டிருக்க மாட்டார்கள். ஓரத்தை வெட்டினாலே நிறைய மிஞ்சியிருக்கும். அந்த நெருக்கத்தை அவர்கள் விரும்பினார்கள் என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன். சிக்கனம் மலிவான பிரதிகளுக்குப் பொருந்தும், வழிபாட்டு மேடையில் விரித்து வைக்கிற புத்தகத்துக்கு இல்லை.

பிப்ரவரி 6

அமுக்கலை எடுத்த பிறகும் படிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சொல்லைத் தாளில் பட்டை நிப்பால் எழுதிப் பார்த்தேன், காரணம் கிடைத்தது.

நான் இந்த எழுத்தைக் கற்றபோது முதல் பயிற்சியாகக் கொடுக்கப்பட்ட சொல் ‘மினிமம்’. டெக்ஸ்டூராவில் ‘ஐ’ ஒரு குச்சி, ‘என்’ இரண்டு, ‘யு’ இரண்டு, ‘எம்’ மூன்று. எல்லாமே ஒரே குச்சி. அந்தச் சொல்லில் மொத்தம் பதினைந்து குச்சிகள், வேறெதுவும் இல்லை. எழுதி முடித்து நிமிர்ந்தால் தாளில் ஒரு வேலி. எங்கே ஓர் எழுத்து முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. அன்று மாலை முழுவதும் அதையே திரும்பத் திரும்ப எழுதினேன். குச்சிகளை இணைக்கும் முடிக்கோடு மேலே இருந்தால் ‘என்’, கீழே இருந்தால் ‘யு’ என்பதைக் கை அன்றுதான் புரிந்துகொண்டது. ‘ஐ’யின் தலையில் புள்ளி வந்ததும் இந்தச் சிக்கலால்தான். பக்கத்துக் குச்சிகளிலிருந்து பிரித்துக் காட்ட எழுத்தர்கள் ஒரு மெல்லிய சாய்கோட்டைப் போட ஆரம்பித்தார்கள். அதுதான் பின்னாளில் புள்ளியாயிற்று.

உங்கள் சொல்லின் நடுவே ‘யு, எம், ஐ, என்’ வரிசையாக வருகின்றன. இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு: எட்டுக் குச்சிகள் இடைவிடாமல். அதற்கு முன்னால் இரண்டு ‘எல்’, அவையும் உயரமான குச்சிகளே. படித்த ஐந்து பேர் மேல் தவறில்லை. எழுத்துருவைத் தேர்வு செய்வதற்கு முன் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஏ’, ‘ஓ’, ‘ஜி’, ‘எஸ்’ என்று வளைவும் வாலும் உள்ள எழுத்துகள் கலந்திருந்தால் ஒடுங்கிய பிளாக்லெட்டர் எவ்வளவு நெருங்கினாலும் தாங்கும்.

பிப்ரவரி 7

பெரிய எழுத்துகளிலேயே முழுச் சொல்லையும் வைத்தால் குச்சிப் பிரச்சினை தீருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். இதில் நான் பட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்குச் சான்றிதழ் வடிவமைத்தேன். பெறுபவரின் பெயர் கம்பீரமாக இருக்க வேண்டும் என்றார்கள். முழுப் பெயரையும் ஒடுங்கிய பிளாக்லெட்டரின் பெரிய எழுத்துகளில் வைத்துக் கொடுத்தேன், ஒப்புதலும் கிடைத்தது. வழங்கும் நாளன்று மேடையில் பெயர் வாசித்தவர் மூன்றாவது சான்றிதழிலேயே நின்றுவிட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயருக்குரிய பெண் மேடையில் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் அது தன் பெயர்தானா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இந்தப் பெரிய எழுத்துகள் தனியாக நின்று ஒரு சொல்லைத் தொடங்கி வைப்பதற்காக வரையப்பட்டவை. ஒவ்வொன்றிலும் சுழியும் இரட்டைக் கோடும் உள்ளே குறுக்குக் கோடும் இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்துகள் அமைதியாக நின்றால்தான் அந்த ஆடம்பரம் விளங்கும். பத்தை வரிசையாக நிறுத்தினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பிளாக்லெட்டரின் ஜெர்மன் வகையான ஃப்ராக்டூரில் ‘ஐ’யும் ‘ஜே’யும் பெரிய எழுத்தில் ஒரே வடிவம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பி’யும் ‘வி’யும் குழப்பும், ‘என்’னும் ‘ஆர்’ரும் குழப்பும்.

பிப்ரவரி 9

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் என்ன என்ற கேள்விக்கு, பிளாக்லெட்டரில் ஒருபோதும் கூடாது என்று நேற்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். ‘ஒருபோதும்’ என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஜெர்மன் அச்சு மரபில் ஃப்ராக்டூருக்குச் சாய்வெழுத்து கிடையாது. ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் எழுத்துகளைப் பிரித்து அகலமாக வைப்பார்கள், அல்லது நடுவே ஷ்வாபாகர் என்ற இன்னொரு பிளாக்லெட்டர் வகையைக் கொண்டுவருவார்கள். பிரிக்கும்போதும் ஒரு கட்டுப்பாடு உண்டு: ‘சி-ஹெச்’, ‘சி-கே’, ‘டி-இசட்’ ஆகிய கூட்டெழுத்துகளைப் பிரிக்கக் கூடாது. சொல் முழுக்கத் தளர்ந்தாலும் அந்த ஜோடிகள் ஒட்டியே நிற்கும். பழைய ஜெர்மன் புத்தகப் பக்கத்தில் இதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அது ஃப்ராக்டூர். வளைவும் உடைவும் கலந்தது, தனித்து நிற்கத் தெரிந்தது. ஒடுங்கிய டெக்ஸ்டூராவில் எழுத்துக்கு உள்ளே இருக்கிற வெள்ளையும் எழுத்துகளுக்கு நடுவில் இருக்கிற வெள்ளையும் ஒன்றாக இருப்பதுதான் தாளம். நடுவில் மட்டும் கூட்டினால் நெசவு கிழியும். சொற்களுக்கு நடுவிலான இடைவெளியையும் வழக்கத்தைவிடக் குறைவாகவே வைக்க வேண்டும்.

பிப்ரவரி 10

“இது ஹிட்லர் எழுத்து, போஸ்டரில் போடலாமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான தயக்கம், நீளமாகவே எழுதுகிறேன்.

ஃப்ராக்டூர் பிறந்தது பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் காலத்தில். ஆக்ஸ்பர்க் நகரில் யோஹான் ஷோன்ஸ்பெர்கர் 1513-இல் அச்சிட்ட பேரரசரின் பிரார்த்தனைப் புத்தகத்தில் அது தெரிகிறது. லூதர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522-இல் வந்தபோது அதன் எழுத்து ஷ்வாபாகர். அதிலிருந்து நானூறு ஆண்டுகள் ஜெர்மன் மொழியின் அன்றாட எழுத்தாக இந்தக் குடும்பம் இருந்தது. கவிதை, சட்டம், செய்தித்தாள், குழந்தைகளின் பாடப் புத்தகம் எல்லாம் அதில்தான்.

நாஜிகள் முதலில் அதைத் தங்கள் தேசிய அடையாளமாக்கினார்கள். பிறகு 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சியின் மார்ட்டின் போர்மான் கையெழுத்திட்ட சுற்றறிக்கை அதையே விலக்கியது. ஷ்வாபாகர் யூதர்களின் எழுத்து என்று அதில் ஒரு அப்பட்டமான பொய். அந்தச் சுற்றறிக்கையின் தாள் முகப்பே பிளாக்லெட்டரில்தான் அச்சாகியிருந்தது. ஆகவே மொத்தக் குடும்பத்தையும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

அதே நேரம் ஒரு கிளை அந்தக் காலத்தோடு பிரிக்க முடியாதபடி கட்டுண்டது, அது நாம் பேசுகிற ஒடுங்கிய வகைக்கு மிக அருகில் இருக்கிறது. 1933-க்குப் பின் டெக்ஸ்டூராவின் சுழிகளையும் முடிக்கோடுகளையும் சீவிவிட்டு, விறைப்பான குச்சிகளாக நிமிர்த்திய எழுத்துருக்கள் வரிசையாக வந்தன: டானன்பெர்க், நாஷனால், எலிமென்ட். பூட்ஸ் கால் எழுத்து என்ற பொருளில் ஜெர்மன் அச்சுக்காரர்கள் இவற்றுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். எரிக் மேயர் வரைந்த டானன்பெர்க்கை ரயில்வேயும் பயன்படுத்தியது. பெர்லினில் அந்த ஆண்டுகளில் தோண்டிய எஸ்-பான் நகர ரயிலின் சுரங்க நிலையங்களின் பெயர்ப்பலகைகளுக்கும் அதைத்தான் எடுத்தார்கள். தூரத்திலிருந்து படிக்க நன்றாகவே இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் நான் அதைத் தொட மாட்டேன். ஒரு முறை ஒரு புத்தக அட்டைக்கு மாதிரி செய்து பார்த்தேன். வரலாறு தெரிந்த வாசகர் அட்டையைப் பார்த்ததும் வேறொன்றை நினைப்பார் என்று பட்டது, எடுத்துவிட்டேன்.

அதற்குப் பத்தாண்டு முன்பே ருடால்ஃப் கோக் வரைந்த வில்ஹெல்ம் கிளிங்ஸ்போர் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓஃபன்பாக்கில் கிளிங்ஸ்போர் சகோதரர்களின் அச்செழுத்து வார்ப்பகம் வெளியிட்டது, 1925-இல் இறந்த வில்ஹெல்மின் பெயரைத் தாங்கியது. அதுவும் ஒடுங்கிய டெக்ஸ்டூராதான். ஆனால் குச்சிகள் மூச்சு விடுகின்றன. பெரிய எழுத்துகளுக்குள் தலைமுடி போன்ற கோடுகள் ஓடுகின்றன. உலோகத்தில் ஒருவர் இவ்வளவு மென்மையை வெட்டியிருக்கிறார் என்று நான் பார்க்கும்போதெல்லாம் நின்றுவிடுவேன்.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

மேலே ஒரு திருத்தம். டானன்பெர்க் பாவர் வார்ப்பகத்தின் வெளியீடு என்று முதலில் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். அது ஷ்டெம்பெல் வார்ப்பகத்துடையது. பாவர் வெளியிட்டது மாக்ஸ் பிட்ரோஃப் வரைந்த எலிமென்ட்.

பிப்ரவரி 13

“அலங்காரத்துக்கு மட்டும்தான்” என்ற முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். இத்தனை நாள் யோசித்ததில் பாதி ஒப்புக்கொள்கிறேன். இன்றைய வாசகர் இந்த எழுத்தில் ஒரு பக்கம் படிக்க மாட்டார். ஆனால் படிப்பதற்கும் அலங்காரத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: அடையாளம் காண்பது. நியூயார்க் டைம்ஸின் முகப்புப் பெயரை யாரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. அந்த உருவம் மனதில் பதிந்திருக்கிறது. அதன் முடிவில் இருந்த புள்ளியை 1967-இல் எடுத்தார்கள். ஜெர்மனியின் ஃப்ராங்ஃபுர்ட்டர் அல்கமைன நாளிதழ் கருத்துப் பத்திகளின் தலைப்பை 2007 அக்டோபர் வரை ஃப்ராக்டூரில் அச்சிட்டது. அப்புறம் அதைக் கைவிட்டது, முகப்புப் பெயரில் மட்டும் இன்றும் வைத்திருக்கிறது. படிக்க வேண்டியது போயிற்று, அடையாளம் காண வேண்டியது நின்றது.

கணிதக்காரர்கள் இன்னும் சுத்தமாகப் பயன்படுத்துகிறார்கள். லீ இயற்கணிதத்துக்கு ஃப்ராக்டூர் சின்ன ‘ஜி’, கலப்பெண்ணின் மெய்ப்பகுதிக்குப் பெரிய ‘ஆர்’, கற்பனைப் பகுதிக்குப் பெரிய ‘ஐ’. ஓர் எழுத்து, ஒரு பொருள், குழப்பமில்லை. யூனிகோடில் கணித ஃப்ராக்டூர் வரிசையைப் பார்த்தால் பெரிய எழுத்துகளில் ஐந்து இடங்கள் காலியாக இருக்கும்: சி, ஹெச், ஐ, ஆர், இசட். இந்த ஐந்தும் கணிதக் குறியாக முன்பே வேறு பகுதியில் இடம்பிடித்துவிட்டன. சமூக ஊடகத்தில் பெயரை ஃப்ராக்டூரில் வைப்பவர்கள் எடுப்பது இந்த எழுத்துகளைத்தான். சில சாதனங்களில் ஓரிரு எழுத்து மட்டும் வேறு தடிமனில் தெரிவதற்கு அந்த ஐந்தும் ஒரு காரணம்.

மெட்டல் இசைக்குழுக்களின் பெயர், பச்சை குத்துவது, லாஸ் ஏஞ்சல்ஸ் சுவர்களில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் எழுதியது, பீர் புட்டி லேபிள் எல்லாமே இந்த மூன்றாவது வகைதான். ஓரிரு சொல், பெரிய அளவு, நிறைய தைரியம்.

பிப்ரவரி 15

நீள ‘எஸ்’ (பழைய அச்சில் வரும், ‘எஃப்’ போலத் தெரிகிற உயரமான ‘எஸ்’) பற்றிக் கேட்டவருக்கு: ஜெர்மன் மொழியில் வைத்தால் கட்டாயம் கவனியுங்கள், ஆங்கிலப் போஸ்டரில் வேண்டாம். ‘எஃப்’ என்று படித்துவிடுவார்கள். ஜெர்மனில் சொல்லின் உறுப்பு முடிகிற இடத்தில் குட்டை ‘எஸ்’, மற்ற இடத்தில் பெரும்பாலும் நீளமானது. இதனால் பொருளே மாறும். ‘வாஹ்’ என்பதோடு ‘ஷ்டூப’ சேர்ந்தால் காவலர் அறை, ‘வாக்ஸ்’ என்பதோடு ‘டூப’ சேர்ந்தால் மெழுகுக் குழாய். இன்றைய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வரிவடிவம். ஃப்ராக்டூரில் எந்த ‘எஸ்’ என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 18

புதிதாக வரைந்தவற்றில் எதைப் பார்க்கலாம் என்றால், அண்டர்வேர் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஃபக்கீர் எழுத்துரு. வளைவை முற்றிலும் தவிர்த்து, உடைந்த கோடுகளாலேயே கட்டியிருக்கிறார்கள். பழைய கையெழுத்தைப் போலிசெய்யவில்லை, அதன் இலக்கணத்தை எடுத்து இன்றைய வாசகருக்குத் தெரிந்த எழுத்து வடிவங்களில் பொருத்தியிருக்கிறார்கள். ஒடுங்கிய வகைக்கு நான் தேடுவது இதுதான்: ‘கே’ என்பது ‘டி’ போலவும் ‘எக்ஸ்’ என்பது ‘ஆர்’ போலவும் தெரியக் கூடாது.

பிப்ரவரி 20

உங்கள் இரண்டாவது மாதிரியைப் பார்த்தேன். முதல் ‘ஐ’யையும் சின்ன எழுத்தாக்கியிருக்கிறீர்கள். அதைத் திருப்பி மாற்றுங்கள். அது போனால் சொல்லின் தொடக்கத்திலேயே பதினொரு குச்சிகள் வரிசையாக நிற்கும். பெரிய எழுத்து ஒன்று முன்னால் நின்றால் கண்ணுக்குப் பிடிக்க ஓர் இடம் கிடைக்கிறது.

அந்த எட்டுக் குச்சிகளுக்கு ‘ஐ’யின் புள்ளியை முடிக்கோடாகச் சாய்த்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். நானும் செய்து பார்த்தேன். கிட்டே நன்றாக இருக்கிறது, பத்தடி தள்ளி நின்றால் மறைந்துவிடுகிறது. அந்த யோசனை போதாது.

பிப்ரவரி 21

இரவு படுத்த பிறகு தோன்றியது. ஏன் ஒரே வரியில் வைக்கிறோம்? கூட்டன்பர்க்கின் பத்தி ஒடுங்கியது, அவர் சொற்களை நடுவில் தயங்காமல் உடைத்தார். உங்கள் சொல் பன்னிரண்டு எழுத்து. ‘இல்லுமி’ ஆறு, ‘நேஷன்’ ஆறு. சரியாக அந்த எட்டுக் குச்சிகளின் நடுவில் உடைகிறது: மேல் வரியில் ஆறு, கீழ் வரியின் தொடக்கத்தில் இரண்டு. கீழ் வரியில் ‘ஏ’, ‘டி’, ‘ஓ’ எல்லாம் சேர்ந்து நன்றாகவே தெளிவடைகிறது. அகலம் பாதியானதால் அமுக்க வேண்டிய தேவையும் இல்லை, எழுத்தின் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கலாம்.

வரி முடிவில் கோடு போடுவதா என்று கேட்பீர்கள். போடுங்கள். கிடைக்கோடு வேண்டாம், 42 வரி பைபிளில் உள்ளது போல இரண்டு மெல்லிய சாய்கோடுகள். எழுத்துகளின் விளிம்புக்கு வெளியே, ஓரத்தில் தொங்கவிடுங்கள். அவரும் அப்படித்தான் வைத்தார்.

பிப்ரவரி 24

அச்சுப்படியின் படத்தை அனுப்பியதற்கு நன்றி. அதே ஐந்து பேரிடம் காட்டியதில் நான்கு பேர் உடனே படித்தார்கள், ஐந்தாமவர் இரண்டாவது வரியிலிருந்து மேலே போய்ப் படித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். மேல் வரியின் ‘எம்’முக்கும் ‘ஐ’க்கும் நடுவே இன்னும் ஒரு மயிரிழை இறுக்கம் தெரிகிறது. அதை மட்டும் கையால் தளர்த்திவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.